ஓங்கி அடிக்காதீங்க மாமா

மதி: மறுபடியும் கண்ணாடி!

குரு: நல்லாத்தான பட்டுது?

மதி: நல்லாத்தான் பட்டுது. பட்டு எங்க வந்துச்சு?

குரு: ...உங்கிட்ட.

மதி: எங்கிட்ட. இடுப்பு ஒசரத்துக்கு, கையில எடுத்துக் குடுத்த மாதிரி. நான் சும்மா தட்டினேன், உங்களுக்குப் பின்னால போயி விழுந்துடுச்சு. எதுக்கு மாமா அம்மாம் பலமா அடிக்கிறீங்க?

குரு: தலைக்கு மேல வந்தா அடிக்காம கும்புடுவாங்களா? பதினெட்டு வருசம் வாலிபால் ஆடினவன்டா. பென்னாகரம் டீம்ல எனக்குத் தூக்கிக் குடுத்தாங்கன்னா எதிர்ல நிக்கறவன் மொகத்தைத் திருப்பிக்குவான்.

மதி: வாலிபால்ல தரையில பட்டா பாயிண்டு. இது பேடல், சுத்திக் கண்ணாடிச் செவுரு. தரையில பட்டு, பின்னால கண்ணாடியில பட்டு, திரும்பி வரும். நீங்க எவ்ளோ பலமா அடிக்கறீங்களோ அவ்ளோ தூரம் திரும்பி வரும். ஒரு வருசமா சொல்றேன்.

குரு: அப்ப அடிக்கக் கூடாது.

மதி: அடிக்கணும்.

குரு: பலமா கூடாது.

மதி: சில சமயம் பலமாவும் அடிக்கலாம்.

குரு: டேய்...

மதி: வலை கிட்ட நிக்கறீங்க, பந்து கொறைச்சலா வருது, அப்ப ஓங்குங்க. பின்னால ஓடிப் போயி எடுக்கற மாதிரி தூக்கிப் போட்டுட்டான்னா ஓங்காதீங்க. பந்தேஹா.

குரு: அந்தப் பேரைச் சொல்லாத. அதைக் கேட்டாலே எனக்குக் கை வரமாட்டேங்குது.

மதி: சரி, தமிழ்லயே சொல்றேன், தட்டு. ஓட்டல்ல தோளுக்கு மேல தட்டு ஏந்திகிட்டு வருவான் இல்ல, அந்த மாதிரி பேட்டைப் புடிச்சி, லேசா சீவி, மூலைக்கு அனுப்பணும். பந்து கண்ணாடியில பட்டு எழும்பாம அங்கயே படுத்துக்கும். நீங்க திரும்பி வலைக்கு வந்துடலாம்.

குரு: ஏன்டா, அடிக்கற அடின்னு சொல்ற, அதுல லேசாங்கற. லேசா போறது எப்பிடிடா அடி ஆவும்?

மதி: ஓசூர்ல அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களை எதுத்து ஆடப் போறவனுங்க ரெண்டு பேரும் தூக்கித் தூக்கித்தான் போடுவானுங்க. வீடியோ பாத்தீங்க இல்ல? நீங்க ஓங்கி ஓங்கி அடிச்சி, பத்தாவது நிமிசம் நாக்குத் தள்ளி நிப்பீங்க. இன்னொண்ணு போடறேன், வாங்க. பக்கவாட்டுல திரும்புங்க. இடது கையைத் தூக்கி பந்தைக் காட்டுங்க.

குரு: யாருக்குக் காட்டறது?

மதி: யாருக்கும் இல்ல மாமா! கையைத் தூக்கினா தோளு தானா திரும்பும்.

குரு: சரி போடு... இரு, இரு. மாப்ள.

மதி: என்னா?

குரு: இல்ல... ஒண்ணு சொல்லணும்.

மதி: சொல்லுங்க.

குரு: ...இந்தப் பந்துல காத்து எறங்கிடுச்சா?

மதி: நேத்து வாங்கின பந்து. இந்தா, போடறேன்... ஐயோ.

குரு: பேட்டுலயே படல.

மதி: ரெண்டு மனசா அடிச்சா எப்பிடிப் படும்? பாதி தூரம் வரைக்கும் தட்டு மாதிரி வெச்சிருந்தீங்க. கடைசியில ஓங்கலாம்னு தோணிடுச்சு. மேல ஏறும்போதே முடிவு பண்ணிடணும் மாமா. எறங்கற வரைக்கும் யோசிச்சிட்டு நின்னா அப்பறம் பந்துதான் முடிவு பண்ணும்.

குரு: என்னத்தைக் கண்ட நீ. முடிவு பண்றது என்ன அவ்ளோ லேசா?

மதி: பந்தைத்தான சொன்னேன்?

குரு: நானும் பந்தைத்தான் சொன்னேன்.

மதி: ...புதன்கிழமை சாயந்திரம் கோர்ட் காலியா இருக்குதாம். கோர்ட்டைப் பாத்துக்கற மாதவராஜ் அண்ணன் சொன்னாரு. ரெண்டு மணி நேரம் எடுத்துக்கலாமா?

குரு: புதன்கிழமையா? புதன்கிழமை வேணாம்.

மதி: ஏன்?

குரு: வேலை இருக்குது. ஏரியூர்ல ஒரு தோட்டத்துக்கு சொட்டுநீர் பைப்பு போடணும்.

மதி: ஏரியூர்ல யாரு தோட்டம்? எங்க ஊர்ல எனக்குத் தெரியாம?

குரு: ஏரியூருக்கு அந்தாண்ட. நீ பந்தைப் போடு.

மதி: அப்ப மதியம் அம்மா வூட்ல சாப்புட்டுட்டுப் போங்க. சொல்லி வெக்கறேன்.

குரு: வேணாம் வேணாம், சொல்லாத. அத்தை மறுபடியும் கோழி அடிச்சிடுவாங்க. நான் முன்னாடியே வந்துடுவேன்... பின்னாடி போவேன்... பந்தைப் போடுறா!

மதி: மொதல்ல தண்ணி குடிங்க. மணி ஆறரைதான் ஆவுது, நம்ம நாலாவது ஆளு டாக்டர் ஏழு மணிக்கு மேலதான் வருவாரு. அதோ சோபனா டீச்சர் வந்துட்டாங்க. இன்னிக்கி சீக்கிரம் வந்துட்டாங்களே?

குரு: அப்பிடியா? நான் பாக்கல.

மதி: நேரா அந்தப் பக்கம்தான பாத்துட்டு நிக்கறீங்க.

சோபனா: குட்மார்னிங் அண்ணா. குட்மார்னிங்... குரு சார்.

குரு: குட்மார்னிங் டீச்சர்.

மதி: வாங்க டீச்சர். உங்க பாட்னரைப் பாருங்க. காலையில இருந்து இருவது பந்து போட்டேன், பதினாறு கண்ணாடிக்கு.

சோபனா: ஒண்ணு போடுங்க பாப்போம்... அதான் பாத்தேன். கையில ஒண்ணும் தப்பு இல்ல அண்ணா, தப்பு கால்ல. பந்துக்கு நேரா கீழ போயி நின்னுக்கறாரு, மழைக்கு ஒதுங்கின மாதிரி. சின்னச் சின்ன எட்டு வெச்சி இன்னும் பின்னால போவணும் சார். பந்து எப்பவும் உங்க கண்ணுக்கு முன்னால இருக்கணும்.

குரு: இவன் கையைத் தூக்குன்னான்.

சோபனா: கையையும் தூக்குங்க.

மதி: மணிக்கட்டை மட்டும் ஆட்டாதீங்க மாமா.

சோபனா: ஆட்டலாம் அண்ணா. பேட்மிண்டன்ல எல்லாமே மணிக்கட்டுதான்.

மதி: தட்டுக்கு ஆட்டக் கூடாது டீச்சர். விரியன் அடிக்குத்தான் ஆட்டணும்.

குரு: விரியனா? அது எப்ப வந்துச்சு?

மதி: பக்கவாட்டுல சீவி விடறது மாமா. பாம்பு சீறுன மாதிரி வெளிய ஓடும். அது உங்களுக்கு இப்ப வேணாம்.

சோபனா: ஏன் வேணாம்? அவருக்கு இருக்கற கைக்கு அதுதான் சரியா வரும்.

குரு: ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா நான் என்னாத்தை அடிக்கறது? ஓங்கறதா, ஏந்தறதா, சீறறதா? பந்து ஒண்ணுதான வருது?

சோபனா: கத்தாதீங்க. தோளு வலிக்குதுன்னு நேத்து ராத்திரி சொன்ன... சொன்னீங்கன்னு மதி அண்ணன் சொன்னாரு.

மதி: நானா சொன்னேன்?

சோபனா: நீங்கதான் அண்ணா. குரூப்புல போட்டிருந்தீங்க.

மதி: அப்பிடியா... போட்டிருப்பேன். சரி, பந்தெல்லாம் அந்தக் கோடியில கெடக்குது. பொறுக்கிட்டு வரேன். நீங்க மாமாவுக்குக் காலைச் சொல்லிக் குடுங்க.

சோபனா: ...போயிட்டாரு. சொல்லிட்டீங்களா?

குரு: மெல்லப் பேசு.

சோபனா: சொல்லிட்டீங்களா இல்லையா?

குரு: ரெண்டு தடவை வாயெடுத்தேன்.

சோபனா: வாயெடுத்து?

குரு: ஒரு தடவை பந்துல காத்து இல்லைன்னேன். இன்னொரு தடவை ஏரியூர்ல பைப்பு போடணும்னுட்டேன்.

சோபனா: ஐயோ! புதன்கிழமை பத்தரைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நிக்கணும். நடுவுல ரெண்டே நாள். எங்கப்பா மாதா கோயில்ல கல்யாணம் வெக்கலைன்னு ஒரு மாசம் மொகம் குடுக்கல. அந்த மனுசனே எறங்கி வந்து, நேத்து வேட்டி எடுத்துட்டு வந்திருக்காரு. இன்னாசி மவ கல்யாணம்னு தெருவுக்கே தெரியும். உங்க பக்கத்துல யாருக்குமே தெரியாதுன்னா என்ன அர்த்தம்?

குரு: என் பக்கம்னு யாரு இருக்கறாங்க? அம்மா அப்பா போயாச்சு. இவன்தான். இவங்கம்மாதான்.

சோபனா: அதனாலதான் சொல்றேன். மூணு சாட்சி வேணும். எங்கண்ணன் சவுரியப்பன் ஒண்ணு, எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் ஒண்ணு. மூணாவது கையெழுத்து உங்க பக்கத்துல இருந்து வரணும். ஆபீஸ் வாசல்ல போறவன் வர்றவனைக் கூப்புட்டு கையெழுத்து வாங்குவீங்களா?

குரு: நீயே சொல்லிடேன். உன்னை டீச்சர் டீச்சர்னு மரியாதையா...

சோபனா: செத்துப் போன உங்க சம்சாரம் அவரோட அக்கா. நான் போயி எப்பிடிங்க சொல்றது? நீங்க சொல்லணும். இன்னிக்கி சொல்லலைன்னா புதன்கிழமை நான் புடவை கட்டமாட்டேன். அவ்ளோதான்... அண்ணா வராரு. காலை நல்லா அகட்டி வெய்யுங்க சார்! ஆங், அப்பிடித்தான்.

மதி: என்னா டீச்சர், கால் வந்துடுச்சா?

சோபனா: கால் வந்துடுச்சு அண்ணா. வாய்தான் வரல.

மதி: என்னா?

சோபனா: டீ வேணுமான்னு கேட்டேன். வெளிய கடை தொறந்திருப்பாங்க. நான் போயி வாங்கிட்டு வரேன். மெதுவாத்தான் வருவேன். நீங்க பேசி... ஆடிட்டு இருங்க.

மதி: எனக்குச் சக்கரை கம்மி. மாமாவுக்கு...

சோபனா: தெரியும். ரெண்டு ஸ்பூன்.

மதி: ...தெரியுமாமே மாமா.

குரு: ஒரு வருசமா டீ குடிக்கறோம் இல்ல. தெரியாதா?

மதி: எனக்கு சக்கரை கம்மின்னு இன்னிக்கும் நான்தான் சொன்னேன். சரி, வாங்க. இப்ப நான் எந்தப் பந்துன்னு சொல்லமாட்டேன். கொறைச்சலாவும் போடுவேன், நீளமாவும் போடுவேன். நீங்களே முடிவு பண்ணி அடிங்க.

குரு: மதி.

மதி: இந்தா, ஒண்ணு.

குரு: டேய், நில்லுடா. பந்தைக் கீழ வெய்யி.

மதி: ...வெச்சிட்டேன்.

குரு: புதன்கிழமை நான் ஏரியூர் போவல.

மதி: சரி.

குரு: ரிஜிஸ்டர் ஆபீஸ் போறேன்.

மதி: நெலம் வாங்கறீங்களா?

குரு: இல்ல.

மதி: விக்கறீங்களா?

குரு: கல்யாணம்டா.

மதி: யாருக்கு?

குரு: எனக்குத்தான்.

மதி: யாரை?

குரு: சோபனாவ. எதுனா சொல்லுடா. கண்ணாடியைப் பாத்துட்டு நிக்காத.

மதி: எத்தினி நாளா மாமா?

குரு: எதைக் கேக்கற? பேச ஆரம்பிச்சதா, முடிவு பண்ணதா?

மதி: ரெண்டும்தான்.

குரு: பேச ஆரம்பிச்சது பொங்கலுக்கு முன்னால. மொதல்ல ஆட்டத்தைப் பத்தித்தான். நீங்க நடுவுல வர்ற பந்தை எடுக்காதீங்க, எனக்கு விடுங்கன்னு மெசேஜ் போட்டுது. நான் சாரின்னேன். மறுவாரமும் எடுத்தேன். திட்டிச்சி. அப்பிடியே... அதுக்கும் ஒருதடவை கல்யாணம் ஆயி, ரெண்டே வருசத்துல ஒத்து வராம கோர்ட்டுல பிரிஞ்சி, ஆறு வருசமா அப்பா வூட்ல இருக்குது. எனக்கும் வூட்டுக்குப் போனா பேச ஆளு இல்ல. டிவியைப் போட்டு விட்டுட்டு சமையக்கட்டுல நிப்பேன், யாரோ பேசறாங்கன்னு இருக்கும். இதெல்லாம் உங்கிட்ட சொல்ல எனக்குக் கூசுது மாப்ள.

மதி: முடிவு பண்ணது?

குரு: நோட்டீஸ் குடுத்தே ஒரு மாசம் தாண்டிடுச்சு. அது வேற மதம்ங்கறதால முப்பது நாள் போர்டுல ஒட்டி வெப்பாங்களாம். தினமும் அந்தப் பக்கமாப் போயி, உங்க ஊர் ஆளுங்க யாருனா படிக்கறாங்களான்னு தூரத்துல நின்னு பாப்பேன். அந்த முப்பது நாள்ல ஒருநாள்கூட உங்கிட்ட வாய் வரல.

மதி: ஏன்?

குரு: ஏன்னா கேக்கற? கலைமணி போயி மூணு வருசம்தான் ஆவுது. காய்ச்சல்னு படுத்தவ, ஆறாம் நாள் இல்ல. கொள்ளி வெச்சிட்டு வந்து நான் தரையில கெடந்தப்ப உங்கம்மாதான் தூக்கி உக்கார வெச்சி வாயில சோறு ஊட்டினாங்க. பொண்ணைப் பறிகுடுத்தவங்க அவங்க. எனக்கு ஊட்டறாங்க. இன்னிக்கி வரைக்கும் மாசம் பொறந்தா கேவுரு மாவு அரைச்சி, ஒரு பையில கட்டி, பஸ்சுல ஏத்தி விடறாங்க. புதன்கிழமைக்கு அப்பறம் அந்த மாவை எந்த மொகத்தை வெச்சிகிட்டு வாங்குவேன்? எங்களுக்குப் புள்ளைன்னு ஒண்ணு இருந்திருந்தா அதைச் சாக்கு வெச்சாவது உங்க வூட்டுக்கு வந்து போவலாம். அதுவும் இல்ல. சோபனாவுக்குத் தாலி கட்டிட்டேன்னா நான் உனக்கு யாரு? நீ என்னை மாமான்னு கூப்புடறது எந்தக் கணக்குல வரும்? குரு சார்னு கூப்புடுவியா? ரோட்டுல பாத்தா தலையாட்டிட்டுப் போவியா? ஒரு பக்கம் அது வேணும்னு இருக்குது. இன்னொரு பக்கம் உங்களை வுட்டுட்டு எப்பிடின்னு இருக்குது. ரெண்டும் ஒண்ணா வருது மதி. எதை எடுக்கறதுன்னே தெரியல, தலை சுத்துது.

மதி: இந்தாங்க, இந்தப் பந்தை எடுங்க.

குரு: இப்பவா? ...ச்சே.

மதி: இப்பவும் கண்ணாடிதான்.

குரு: நான் என்ன பேசிட்டு இருக்கறேன், நீ பந்து போடற. திட்டணும்னா திட்டிடு. அக்கா போன எடத்துக்கு இன்னொருத்தியான்னு கேளு. கேட்டுட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்.

மதி: எத்தினி மணிக்கு?

குரு: என்னா?

மதி: புதன்கிழமை. எத்தினி மணிக்கு?

குரு: பத்தரைக்கு. ...மூணாவது சாட்சிக்கு ஆளு இல்லடா. உன்னைக் கேக்கணும்னுதான் மூணு வாரமா இந்தக் கோர்ட்டுல வந்து நிக்கறேன். உன் வாயால மாட்டேன்னு சொன்னாலும் நான் தப்பா நெனைக்கமாட்டேன்.

மதி: எனக்கு புதன்கிழமை பத்தரைக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்குதே மாமா.

குரு: ...சரி. பரவால்ல. புரியுது.

மதி: உங்களுக்கு ஒண்ணும் புரியல.

குரு: புரியுதுடா. யார்மேலயும் தப்பு இல்ல. போன வருசம் மாங்கா சீசன்ல ஒரு ஞாயித்துக்கிழமை, டாக்டர் மாதேஷ் வரலைன்னு ஆளு கொறைஞ்சி நின்னோமே, அன்னிக்கித்தான் நீ போன் பண்ணி, உன் சம்சாரத்தோட ஸ்கூல்ல வேலை செய்யறவங்கன்னு சோபனாவ வரவெச்ச. அந்த டாக்டர் மட்டும் அன்னிக்கி வந்திருந்தாருன்னா இது எதுவுமே இல்ல. நீயும் நானும் இப்பிடியே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கண்ணாடியில அடிச்சிகிட்டு இருந்திருப்போம்.

மதி: டாக்டர் வந்தாரு மாமா.

குரு: என்னாது?

மதி: வந்தாரு. நான்தான் கேட்டுலயே நிறுத்தி, கோர்ட்டுல ரிப்பேர் நடக்குதுன்னு பொய் சொல்லி அனுப்பிச்சேன். அம்மா அந்தாண்ட என் கார்ல உக்காந்து ஒரு மணி நேரம் நீங்க ரெண்டு பேரும் ஆடறதைப் பாத்தாங்க. "ஆட்டம் எனக்கு ஒண்ணும் புரியலடா, ஆனா அந்தப் பொண்ணு அவரை நல்லாத் திட்டுது, இருக்கட்டும்"னாங்க. போர்டுல நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே ஒருத்தன் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிச்சிட்டான். நீங்களா வந்து சொல்ற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு அம்மா உத்தரவு. மீட்டிங்கும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான் கார் ஓட்டணும். அந்த மூணாவது கையெழுத்தை அவங்கதான் போடுவாங்களாம், கைநாட்டு வெச்சா அந்தப் பொண்ணுக்கு மரியாதையா இருக்காதாம்... ஒரு மாசமா பழைய நோட்டுல தன் பேரை 'தீர்த்தம்மாள்'னு எழுதிப் பழகறாங்க மாமா, 'ர்'ல புள்ளி வெக்கத்தான் இன்னும் மறந்து மறந்து போவுது.